அளவையாளர் கைச்சுவடி

தாம்பரத்தினின்று மின்சார ரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் நம் மாணவர் நாள்தோறும் பரங்கிமலையைக் கடந்தே போகின்றனர். அம்மலையடியிலுள்ள சமவெளியிலே, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் ஓர் எஃகுச் சங்கிலியை நீட்டி நிலம் அளக்கத் தொடங்கினார். அவர் அளந்த நேர்கோடு தெற்கே பெரும்பாக்கம் குன்றின் பக்கம் வரை ஏறக்குறைய 7½ மைல் சென்றது. இந்திய நாடு முழுவதையும் முக்கோணங்களால் பின்னி அளந்த பெருமுயற்சிக்கு அக்கோடே அடி. இமயத்தின் கொடுமுடிகளை அளந்ததும் அம்முயற்சியின் பிற்பகுதியேயாம். இன்று அக்கோட்டின் வழியே நின்று நோக்குவார் உளராயின், அடுக்குமாடி வீடுகளையன்றிப் பிறிதொன்றையும் காணார்.

இச்செய்தியை எடுத்துரைப்போர் பெரும்பாலும் சங்கிலியையும் தியோடலைட்டு என்னும் கோணமளக்கும் கருவியையும் வியந்து பேசி அமைவர். வியத்தற்குரியனவே அவை. ஆயினும் அவற்றோடு உடன்சென்ற மற்றொரு கருவி உண்டு. அதன் விலை மிகச் சிறிது. அதனைத் தூக்கிச் செல்ல ஆட்கள் பலர் வேண்டுவதில்லை. அளந்ததை அளந்த இடத்திலேயே எழுதிவைக்கும் கைச்சுவடியே அது. அறியாத நிலத்திற் புகுந்து திரும்பிய ஒருவனுடைய உழைப்பு உலகுக்குப் பயன்படுவதும் வீணாவதும் அச்சுவடியைப் பொறுத்தே நின்றன என்பதைச் சில வரலாறுகள் கொண்டு காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பரங்கிமலைச் சமவெளிக்கே செல்வோம். லாம்ப்டனின் சங்கிலி 100 அடி நீளம் உடையது. 2½ அடிக் கம்பிகள் 40 கோத்துச் செய்தது. சீனப் பேரரசருக்கு வரிசைப் பொருளாக மெக்கார்ட்னி பிரபு கொண்டுசென்று, அங்கு ஏற்பாரின்றிக் கல்கத்தா வந்துசேர்ந்த பொருள்களுள் அது ஒன்று என்பர். அதனை வெறுந்தரையில் இழுத்து அளக்கவில்லை. நீண்ட மரப்பெட்டிகளிற் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளின்மேல் ஏந்தி, மட்டம் பார்த்து, பெட்டிதோறும் ஓர் உஷ்ணமானியும் வைத்தனர். இவ்வாறு ஏறத்தாழ 400 முறை சங்கிலியை எடுத்தெடுத்து வைத்தல் வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் உஷ்ணமானிகள் காட்டிய பாகை எழுதிக்கொள்ளப்பட்டது.

இத்துணை வருத்தம் எதற்கு என்று வினவலாம். எஃகு வெப்பத்தால் நீளும். 100 அடி எஃகுச் சங்கிலி, பாரன்ஹீட்டு அளவில் ஒரு பாகை வெப்பம் ஏறினால், ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 130இல் ஒரு பங்கு நீளும். கண்ணுக்குப் புலனாகாத நீட்சிதான். ஆனால் 400 சங்கிலிகளுக்கு அது 3 அங்குலத்துக்கு மேற்பட்டுவிடும். நம் நாட்டுக் கோடையில் விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் 20 பாகை வேறுபாடு காண்பது அரிதன்று. அதனைக் கருதாது விட்டால் பிழை 5 அடியாகிவிடும். சங்கிலி எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டதாயினும், உஷ்ணமானியின் எண்ணை எழுத மறந்த ஒருவனுடைய சோம்பல் அதனைக் கெடுத்துவிடும். பின்னர் 1804ஆம் ஆண்டில் பெங்களூரை அடுத்து மற்றொரு கோடு அளக்கப்பட்டது. சென்னைக் கோட்டிலிருந்து முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும், அங்கே சங்கிலியால் நேரே அளந்த நீளத்துக்கும் இருந்த வேறுபாடு 3.7 அங்குலமே. மேலே நாம் கண்ட ஒரு பாகைப் பிழையினும் அது சிறிதே மிகுதி என்பதை நோக்குக.

அடிக்கோடு அளந்தபின் சங்கிலிக்கு வேலை குறைவு, கோணங்களே அளக்கப்படும். அதற்கென இங்கிலாந்தில் கேரி என்பவர் செய்த தியோடலைட்டு அரை டன் எடையுள்ளது. 3 அடி விட்டமுள்ள வட்டம் பொருந்தியது. வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோயினர். பின்னர் அத்தீவின் ஆளுநர் கருவியைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார். குன்றில்லாத நாட்டில் கோயில் விமானங்களே குன்றுகளாயின. 1808ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி விமானத்தில் மோதியது; வட்டம் கோணிப்போயிற்று. வேறொருவராயின் ஊருக்குத் திரும்பியிருப்பர். லாம்ப்டனோ ஏறத்தாழ ஆறு வாரம் கூடாரத்தினுள் அடைந்திருந்து, வட்டத்தைச் சிறுகச் சிறுகத் தட்டியும் இழுத்தும் பழைய வடிவுக்குக் கொணர்ந்தார். இவ்வரலாறு அவருடைய பொறுமைக்குச் சான்றாகப் பலராலும் கூறப்படுவது. எமக்கு இதில் வேறொன்று தோன்றுகிறது. கருவி உடைந்த அந்நாளில், அதற்கு முன் ஆறாண்டுகளாக எடுத்த கோணங்களுள் ஒன்றும் உடையவில்லை. அவை தாளில் இருந்தன. ஒரே கோணத்தைப் பன்முறை எடுத்து, எடுத்தவற்றையெல்லாம் தனித்தனியே எழுதி, பின்னரே சராசரி காண்பது அவர்தம் வழக்கம். சராசரியை மட்டும் எழுதியிருந்தால், எந்த எண் ஐயத்துக்குரியது என்று பின்வந்தோர் ஆராய்தற்கு இடமே இராது.

நிற்க. அளவையாளர் புலத்தில் எழுதும் சுவடி எத்தகையது என்பதைச் சற்று விரித்துக் கூறுவாம். மாணவர் பலர் இதனை நேரிற் கண்டிரார்.

அது சட்டைப்பையில் அடங்கும் நீண்ட சிறு புத்தகம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகள் அருகருகே கிழிக்கப்பட்டிருக்கும். அவ்விரு கோடுகளுக்கிடையே உள்ள சந்துதான் சங்கிலி. எழுதத் தொடங்குவது பக்கத்தின் தலையிலன்று, அடியில். நாம் வாசிக்கும் முறைக்கு இது நேர்மாறானது. முதன்முறை காண்போர்க்கு நகைப்பை விளைப்பது. ஆயினும் காரணம் மிகத் தெளிவானது. அளப்பவர் முன்னோக்கி நடக்கிறார். புத்தகத்தையும் அவ்வாறே முன்னோக்கிப் பிடித்திருக்கிறார். அவருக்கு இடப்புறம் உள்ள கிணறு தாளிலும் இடப்புறம் அமையும். வலப்புறத்து வேப்பமரம் வலப்புறமே அமையும். நடுச்சந்தில் தொடக்கத்திலிருந்து நடந்த தூரம். இருமருங்கிலும் கோட்டுக்குச் செங்குத்தாக ஒவ்வொரு பொருளும் விலகி நிற்கும் தூரம். ஒரு பாட்டை கோட்டைக் குறுக்கே கடக்குமாயின், அதனைச் சந்தின் ஒரு கரையில் நிறுத்தி மறுகரையில் தொடங்கி வரைவர். சந்துக்கு உண்மையில் அகலமில்லை ஆதலின், இரு கரைகளையும் மனத்தால் ஒட்டிப் பார்க்கும்போது பாட்டை ஒழுங்காகப் பொருந்திவிடும்.

எண்களை மறவாமைக்கு வேறு சில துணைகளும் உண்டு. சங்கிலியின் முன்முனையைப் பிடிப்பவரிடம் பத்து இரும்பு ஊசிகள் இருக்கும். ஒரு சங்கிலி அளந்தவுடன் ஓர் ஊசியைத் தரையில் ஊன்றுவார். பின்முனையைப் பிடிப்பவர் அதைப் பிடுங்கிக்கொண்டு வருவார். பின்னவர் கையில் எத்தனை ஊசி உண்டோ அத்தனை சங்கிலி நடந்ததாகக் கொள்க. சுவடியில் ஏழு என்றிருந்து கையில் எட்டு ஊசி இருக்குமாயின், அவ்விடத்திலேயே பிழை வெளிப்படும். நம் ஊர்களில் வழங்கிய கண்டர் சங்கிலி 66 அடி. அது 100 கண்ணிகளாகப் பகுக்கப்பட்டது. 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆகவே நாம் மனை விலை பேசும்போது சொல்லும் ஒரு சென்ட்டு என்பது 1,000 சதுரக் கண்ணியேயன்றி வேறன்று. வீடு வாங்குவோர் இதனை அறியாமலே இரும்புச் சங்கிலியின் மொழியைப் பேசுகின்றனர்.

சுவடி எழுதுவார்க்குரிய விதிகள் கடுமையானவை. அளந்த இடத்திலேயே எழுதுக. கூடாரத்துக்கு வந்து மாலையில் நினைவுகூர்ந்து எழுதாதே. கருவியை நோக்குபவர் எண்ணை உரக்கச் சொல்ல, எழுதுபவர் அதனைத் திருப்பிச் சொல்லிய பின்னரே எழுதுக. 56 என்பது 65 ஆவது காதின் பிழையாகவே பெரும்பாலும் நிகழ்வது. எல்லாவற்றினும் மேலானது: அழிக்காதே. தவறாக எழுதிய எண்ணின்மேல் ஒரே கோடு கிழித்து, அடியில் மறைந்த எண் படிக்கத் தக்கவாறு விட்டு, மேலே திருத்தத்தை எழுதிக் கையெழுத்திடுக. இவ்விதியின் நுட்பம் இளைஞர்க்கு எளிதில் விளங்குவதில்லை. தூய்மையான ஏடே சிறந்த ஏடு என்று பள்ளியில் நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். அளவையில் மிகத் தூய்மையான ஏடு ஐயத்துக்குரியது. வீட்டில் உட்கார்ந்து அழகாகப் படியெடுத்தது என்று அதனைக் காண்போர் கருதுவர். திருத்தமே தவறாயிருந்து, கோடு கிழித்துத் தள்ளிய எண்ணே சரியென்று பின்னாளில் தெளியவும் கூடும். அழித்துவிட்டால் அதனை மீட்பவர் யார்?

இத்தகைய பயிற்சியை அளிப்பதற்கென்றே 1794ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பார் சென்னைக் கோட்டையை அடுத்து ஓர் அளவைப் பள்ளி தொடங்கினார். முதலிற் சேர்ந்தவர் எண்மரே. அப்பள்ளியே படிப்படியாக வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாக நிற்பது. நம் பக்கத்து ஊரிலுள்ள அப்பெருங் கல்லூரிக்குப் பிறப்பிடம், சிறுவர் எண்மர் சங்கிலி இழுத்துச் சுவடி எழுதக் கற்ற ஒரு கூடம் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

சுவடி செம்மையாக இருப்பின், எழுதியவர் உடனிருக்க வேண்டுவதில்லை. 1849, 1850ஆம் ஆண்டுகளில் அளவையாளர் ஆறு நிலையங்களினின்று இமயத்தின் ஒரு கொடுமுடியை நோக்கிக் கோணங்களை எழுதிச் சென்றனர். அதற்கு அப்போது பெயரில்லை. பதினைந்தாம் எண் சிகரம் என்று மட்டும் குறித்தனர். நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்த கணக்காளர் அவ்வெண்களை எடுத்து, ஒளிக்கதிர் காற்றில் வளைவதற்கும் நிலவுலகின் வளைவுக்கும் கழித்துக்கூட்டி, உலகின் மிக உயர்ந்த சிகரம் அதுவே என்று துணிந்தனர். அக்கணக்காளருள் தலைமை வகித்தவர் வங்காளத்தவராகிய இராதாநாத சிக்தார். கண்டுபிடித்த உயரம் 29,002 அடி, 1856இல் வெளியாயிற்று. சிகரத்தைக் கண்ணால் நோக்கியவர்க்கு அதன் உயரம் தெரியாது. உயரத்தைக் கண்டறிந்தவர்க்கு அதனை அருகிருந்து காணும் வாய்ப்பில்லை. இருவரையும் இணைத்தது அந்த ஏடு ஒன்றே.

எண்ணோடு பெயரும் எழுதப்படல் வேண்டும். ‘அறியாத நிலம்’ என்று மேலே யாம் கூறியது அளக்க வந்தவரை நோக்கியே. பெரும்பாக்கத்தார்க்குப் பெரும்பாக்கம் என்றும் அறியாத நிலமாய் இருந்ததில்லை. ஊரின் பெயர் யாது, ஏரி யாருடையது, குன்றின்மேல் உள்ள கோயில் எக்காலத்தது என்று கேட்டறிவதற்கு ஊராரே ஆசிரியர். கேட்டவர் செவியின் திறத்துக்கேற்பச் செங்கற்பட்டு சிங்கிள்பட் ஆனது. தஞ்சாவூர் தஞ்சோர் ஆனது. அடி பிசகாமல் நிலத்தை அளந்தவர் பெயரில் இத்துணை பிசகியது வியப்பே. இக்குறையை நன்குணர்ந்தவர் காலின் மெக்கன்சி. மைசூர் நாட்டை அளக்கச் சென்ற அவர், கோணமும் தூரமும் குறித்த சுவடிகளோடு, கல்வெட்டுகள், ஓலைகள், ஊர்க் கதைகள் ஆகியவற்றையும் தொகுப்பித்தார். அப்பணியில் அவருக்குக் கண்ணும் நாவுமாக நின்றவர் காவலி வேங்கட போரய்யா. அவர் 1803இல் இளமையிலேயே காலமான பின் அவர் தம்பி இலட்சுமய்யா. மெக்கன்சி 1815இல் இந்தியா முழுமைக்கும் முதல் அளவைத் தலைவரானார், 1821இல் இறந்தார். அவர் தொகுப்பின் பெரும்பகுதி சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளது. தமிழ்நாட்டு வரலாறு எழுதப் புகுவோர் இன்றும் அதனைத் திறந்து பார்க்கின்றனர்.

சுவடியை வெளிப்படையாகக் கையில் ஏந்திச் செல்ல முடியாத நாடும் இருந்தது. திபெத்து எல்லையை அந்நியர் கடத்தல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், மான்ட்கோமரி என்னும் அலுவலர் குமாவோன் மலைநாட்டு ஆசிரியராகிய நைன் சிங் ராவத் என்பாரைத் தேர்ந்து பயிற்றினார். சங்கிலிக்கு மாறாக அவர் கால்களே அமைந்தன. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாக அடி வைக்குமாறு பழகி, 2,000 அடிவைப்பை ஒரு மைலாகக் கொண்டார். அவர் கையிலிருந்த செபமாலையில் 108 மணிகளுக்கு மாறாக 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10,000 அடிவைப்பு, அதாவது 5 மைல். பௌத்தர் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்தினுள் மந்திரச் சுருளுக்கு மாறாக வெற்றுத் தாள்நறுக்குகள் இருந்தன. அன்றன்று கண்டதை அவற்றில் எழுதி உள்ளே வைத்துவிடுவார். யாரேனும் அணுகினால் சக்கரத்தைச் சுழற்றி வழிபாட்டில் ஆழ்ந்துவிடுவார். வழிபடுவோரை இடைமறிக்கும் வழக்கம் அந்நாட்டில் இல்லை. இவ்வாறு 1866ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லாசா நகரம் புகுந்து, நீரைக் கொதிக்கவைத்து உஷ்ணமானியால் அந்நகரின் உயரத்தையும் கணித்து, ஏறக்குறைய 1,200 மைல் வழியை எழுதிக்கொண்டு மீண்டார். லண்டன் புவியியற் கழகம் 1877இல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது.

நைன் சிங் கற்றவர், எழுதவல்லவர். இனிக் கூறப்படும் கிண்டூப் எழுத்தறியாதவர். டார்ஜிலிங்கில் இருந்த இச்சிக்கிம் நாட்டவரை, 1880இல் ஒரு லாமாவுக்குத் துணையாகத் திபெத்துக்கு அனுப்பினர். திபெத்தில் கிழக்கே ஓடும் சாங்போ ஆறுதானா அசாமில் பிரம்மபுத்திரையாக இறங்குவது என்பதே வினா. அடையாளமிட்ட மரத்துண்டுகளைச் சாங்போவில் விட்டால், கீழே காத்திருப்போர் அவற்றைக் கண்டு விடை கூறலாம் என்பது ஏற்பாடு. லாமாவோ வழியில் கிண்டூப்பை அடிமையாக விற்றுவிட்டுத் தன் வழியே போய்விட்டான். கிண்டூப் தப்பியோடினார்; ஒரு மடத்திற் புகலடைந்தார்; அம்மடத்தலைவருக்கு ஊழியம் செய்தார். யாத்திரை செல்ல விடுமுறை பெற்றபோதெல்லாம் அவர் செய்தது யாது? 500 மரத்துண்டுகளை வெட்டி ஒளித்துவைத்தார். லாசாவுக்கு நடந்து சென்று, நாளொன்றுக்கு 50 வீதம் இன்ன நாள்களில் விடுவேன் என்று பிறரைக்கொண்டு ஒரு கடிதம் எழுதுவித்து அனுப்பினார். குறித்த நாள்களில் பத்து நாளும் சொன்னவாறே விட்டார்.

கடிதம் உரியவர் கையிற் சேரவில்லை. காத்திருப்பார் ஒருவரும் இல்லை. 500 துண்டுகளும் காண்பாரின்றிக் கடலுக்குப் போயின.

நான்காண்டுகளுக்குப்பின் திரும்பிய அவர் வாயாற் சொன்னதைப் பிறர் எழுதிக்கொண்டனர். பெரிய ஆற்றில் 150 அடி உயர அருவி ஒன்று வீழ்கிறதென்று அவ்வேட்டில் எழுதப்பட்டது. அறிஞர் பலர் நம்பினர், பலர் நகைத்தனர். 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்னும் இருவர் அவ்வழியே சென்று பார்த்தபோது, கிண்டூப் சொன்ன ஊரும் வழியும் பெரும்பாலும் பொருந்தின; ஆனால் ஆற்றில் இருந்த வீழ்ச்சி 30 அடி அளவே. 150 அடி அருவி வேறோர் ஊரருகே ஒரு சிற்றோடையில் இருந்தது. அவர் கூறிய இரண்டு அருவிகள் எழுதியவர் கையில் ஒன்றாகிவிட்டன. கண்டவர் பிழைபடக் காணவில்லை. பழி மட்டும் அவர்மேல் ஏறத்தாழ முப்பது ஆண்டு நின்றது. நைன் சிங்கின் சக்கரத்திலிருந்த தாள்நறுக்குகளில் பத்து கிண்டூப்பிடம் இருந்து, அவற்றில் எழுதும் கல்வியும் இருந்திருப்பின், அவர் புகழ் வேறாயிருக்கும்.

இமயத்தினின்று மீண்டும் நம் ஊருக்கு இறங்குவோம். பரங்கிமலையில் தொடங்கிய பெரிய அளவைக்குப்பின், ஊர்தோறும் வயல்தோறும் சிறிய அளவையும் நிகழ்ந்தது. அதன் பயனாக ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண்ணும் புலப்படமும் ஏற்பட்டன, அலுவலகங்களில் எப்.எம்.பி. என்று சொல்வது இதனையே. எல்லைக் கற்களுக்கிடையே உள்ள நீளமும், மூலைவிட்டமும், அதனின்று ஒவ்வொரு கல்லும் விலகிய தூரமும் அதில் எழுதப்பட்டிருக்கும். மேலே நாம் கண்ட சுவடியின் பேரப்பிள்ளை அது. இக்கற்களையும் படங்களையும் காக்கும் சட்டம் 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் வயல் மனையாகி, மனை வீடாகி, தெருவின் பெயரும் இருமுறை மாறிய பின்னும், ஏரி, கால்வாய், மேய்க்கால் எல்லாம் பழைய எண்ணோடே தாளில் இருக்கின்றன. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வெள்ளம் வீடுகளைச் சூழ்ந்து நின்றதை நம்மிற் பலர் கண்டனர். அன்று நீர் நின்ற தெருக்களையும், பழைய ஏடு நீருக்கென்று எழுதிவைத்த புலங்களையும் ஒருங்கே வைத்து ஒப்பிடுதல், நம் மாணவர் சிலர் விடுமுறையில் மேற்கொள்ளத் தக்க ஆராய்ச்சி.

புலப்படத்தின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். இப்போது இணையத்தின் வழியாகவும் கிடைக்கிறது. ஆராயப் புகுவோர் அதனோடு ஒரு நீண்ட நாடாவும், கடினமான பென்சிலும், நடுவில் இரு கோடு கிழித்த சுவடியும் எடுத்துச் செல்க. மை வேண்டா, மழைக்காலத்தில் கரைந்துவிடும். படத்தில் கல் என்று குறித்த மூலைக்குச் சென்று தேடினால், சில இடங்களில் புதருக்கடியில் கல் அகப்படும். சில இடங்களில் மதிற்சுவர் அதன்மேலேயே எழுந்திருக்கும். கல் அகப்படாதவிடத்து ‘காணப்படவில்லை’ என்று அங்கேயே நின்று எழுதிக்கொள்க.